காட்சிக்கூடம் என்னும் பிரதி: பிரிட்டிஷ் மியூசியத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பிரிட்டிஷ் மியூசியம் என்றதும் நம் தோழர்களில் பலருக்கு மார்க்ஸ் உட்கார்ந்து படித்த இடம் என்பதுதான் நினைவுக்கு வரும். 1850-ல் அவர் அங்கே வாசகர் சீட்டு வாங்கினார். 1857-ல் திறந்த வட்ட வாசகசாலையில் 'மூலதன'த்துக்காக நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்தார். நூலகம் 1990-களின் கடைசியில் செயிண்ட் பாங்க்ராஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வாசகசாலையைச் சுற்றி 2000-ல் கண்ணாடிக் கூரை போட்டு ஒரு பெரிய முற்றம் அமைத்திருக்கிறார்கள். மார்க்ஸ் அங்கே படித்தார், படித்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், அந்தக் கட்டடத்தையும் படிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டோம்.

எதைப் பார்த்தாலும் பிரதி என்கிறீர்களே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் இந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை உருவகமாகப் பயன்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. சொல்ல வந்ததை வாசல் முகப்பிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள். கிரேக்கக் கோயில் மாதிரி எழுப்பிய முகப்பு. தூண்வரிசைக்கு மேலே முக்கோண வடிவில் ஒரு சிற்பத் தொகுதி. ரிச்சர்ட் வெஸ்ட்மாகாட் செய்தது, 1850-களின் தொடக்கத்தில் ஏற்றி வைத்தது. 'நாகரிகத்தின் முன்னேற்றம்' என்று பெயர். இடது மூலையில் அறியாமையில் கிடக்கும் மனிதன் பாறைக்குள்ளிருந்து வெளியே வருகிறான். விளக்கு ஏந்திய தேவதை அவனைச் சந்திக்கிறாள். உழவு கற்கிறான், விலங்குகளைப் பழக்குகிறான். அப்புறம் கட்டடக்கலை, சிற்பம், ஓவியம், அறிவியல், நாடகம், இசை, கவிதை என்று வரிசையாக உருவங்கள். வலது மூலையில் படித்து முடித்த மனிதன். உள்ளே நுழைவதற்கு முன்பே பார்வையாளருக்கு இலக்கணம் கற்பித்தாகிவிட்டது: வரலாறு ஒரே கோடு, அதற்கு இடமும் வலமும் உண்டு, சிலர் பாறைக்குப் பக்கத்திலும் சிலர் மறுமுனையிலும் நிற்கிறார்கள்.

இனி தரைப்படத்தைப் பார்க்கலாம். மியூசியத்தை அடுக்கடுக்காகக் காட்டும் அந்தக் காகிதம் ஒரு நல்ல கோட்பாட்டு நூலுக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். தரைத்தளத்தில் எகிப்து, அசீரியா, கிரேக்கம். பெரிய கற்கள் கனமானவை, கீழேதான் வைக்க முடியும் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் ஆப்பிரிக்கா எங்கே? அடித்தளத்தில், படியிறங்கிப் போக வேண்டும். எகிப்து ஆப்பிரிக்கக் கண்டத்தில்தானே இருக்கிறது என்று கேட்டால் தரைப்படத்தில் பதில் கிடையாது. எகிப்தை கிரேக்கத்துக்குப் பக்கத்து வீடாக்கி, மற்ற ஆப்பிரிக்காவைத் தனியாகப் பிரித்துவைத்தது 19ஆம் நூற்றாண்டின் அறிவு. அந்தப் பிரிவினை இன்றைக்கும் படிக்கட்டாக நிற்கிறது.

இதற்கு முன்னால் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1970-லிருந்து 1997 வரை ஆப்பிரிக்கா, ஓசியானியா, அமெரிக்கப் பழங்குடிகளின் பொருட்களைக் காட்டுவதற்கென்றே 'மனிதகுல மியூசியம்' என்ற பெயரில் பர்லிங்டன் கார்டன்ஸில் வேறொரு கட்டடம் இருந்தது. கிரேக்கனும் ரோமானியனும் நாகரிகம், புளூம்ஸ்பரி. மற்றவர்கள் மனிதகுலம், வேறு தெரு. இடப்பற்றாக்குறைதான் காரணம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். இடம் போதாதபோது யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்வி வந்ததும், யோசிக்காமலே விடை கிடைத்துவிடுகிறது பாருங்கள், அதைத்தான் கருத்தியல் என்கிறோம்.

இந்தப் பாகுபாடு விவரச் சீட்டுகளின் வினைமுற்றிலும் இருக்கிறது. கிரேக்கச் சிற்பத்துக்குக் கீழே எழுதும்போது இறந்தகாலம்: இந்த ஆண்டில் செதுக்கினார்கள், இந்தப் போருக்குப் பிறகு செதுக்கினார்கள். முகமூடிக்குக் கீழே எழுதும்போது ஒரு விசித்திரமான நிகழ்காலம்: இவர்கள் அறுவடையின்போது அணிகிறார்கள், இறந்தவர்களை இப்படி அனுப்பிவைக்கிறார்கள். எந்த ஆண்டில்? யார் அணிந்தது? கேள்வி கிடையாது. இனக்குழுவின் பெயர் போதும். யோஹானஸ் ஃபேபியன் என்ற மானிடவியலாளர் 1983-ல் ஒரு நூல் முழுக்க இதைத்தான் பேசினார். பிறரை ஆராய்கிறவன் அவர்கள் தன்னோடு ஒரே காலத்தில் வாழ்கிறார்கள் என்பதை மறுத்துவிடுகிறான், அந்த மறுப்பு இல்லாமல் மானிடவியல் என்ற துறையே உருவாகியிருக்காது என்பது அவருடைய வாதம். தமிழில் வினைமுற்றைப் பிடித்துக்கொண்டு இலக்கணம் படித்த நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயமில்லை. காலம் காட்டும் இடைநிலை எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும்.

சரி, எல்லாம் எங்கிருந்து தொடங்கியது? சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரிப்பிலிருந்து. 1687-ல் ஜமைக்கா கவர்னருக்கு வைத்தியராகப் போனவர். திரும்பி வந்தபிறகு அவர் மணந்துகொண்ட பெண், ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த ஒருவரின் விதவை. அடிமைகள் வெட்டிய கரும்பின் பணம் வீட்டுக்கு வந்தது. அந்தப் பணத்திலும் வைத்தியத் தொழிலின் வருமானத்திலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்தார். செடிகள், நாணயங்கள், கையெழுத்துப் பிரதிகள், எலும்புகள் என்று எல்லாம். 1753-ல் அவர் இறந்ததும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. பணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லாட்டரி நடத்தினார்கள். 1759-ல் மியூசியம் திறந்தது. 2020 ஆகஸ்டில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை ஒட்டி உலகமெங்கும் கிளர்ச்சி எழுந்த பிறகு, ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அடிமைமுறையோடு அவருக்கிருந்த தொடர்பையும் எழுதி வைத்தார்கள். சேகரித்தவனே சேகரிப்பாகிப் போனான். இதை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு சிலையைப் பெட்டிக்குள் நகர்த்துவது சுலபம். அந்தச் சேகரிப்பின் தர்க்கத்தை நகர்த்துவது அவ்வளவு சுலபமில்லை.

அந்தத் தர்க்கத்துக்கு ஸ்லோனின் சேகரிப்பிலேயே ஒரு பொருள் சாட்சியாக இருக்கிறது. ஒரு மேளம். அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து வந்தது. பட்டியலில் 'இந்திய' மேளம் என்று, அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளின் மேளம் என்று, பதிந்தார்கள். மரத்தைக் குடைந்து, தோலை முளையடித்துக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்துப் பிற்பாடுதான் சந்தேகம் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் மரத்தைச் சோதித்துப் பார்த்தால் மேற்கு ஆப்பிரிக்க மரம். இன்றைய கானாப் பகுதியின் அகான் மக்கள் செய்த மேளம் அது. அடிமைக் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறது. கப்பலில் மேளம் எதற்கு? அடைபட்டுக் கிடந்தவர்கள் உடம்பு முடங்கிச் செத்துப்போனால் சரக்கு நஷ்டம். அதனால் அவர்களை மேல்தளத்துக்கு ஏற்றி, மேளம் அடித்து, சவுக்கைக் காட்டி ஆட வைத்தார்கள். அரசவையிலோ விழாவிலோ ஒலித்த கருவி ஒன்று, தன் மக்களையே சரக்காகப் பேணும் கருவியானது. இந்த மேளத்தின் பதிவெண் இன்றைக்கும் அமெரிக்காவைக் குறிக்கும் எழுத்துகளோடுதான் தொடங்குகிறது. பெயர் தப்பு என்பது தெரிந்த பிறகும் எண் மாறவில்லை. ஆவணக் காப்பகத்தில் எண்ணை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும் என்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் தொலைந்துபோவதற்குத் தீய எண்ணம்கூடத் தேவையில்லை, ஒழுங்கான பட்டியலே போதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பதிவெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் கவனிக்காமல் போகிற கடைசி வரி அது. முதலில் ஆண்டு, அடுத்து மாதமும் நாளும், அதன்பின் வரிசை எண். பெனின் பித்தளைத் தகடுகள் பலவற்றின் எண் 1898,0115 என்று இருக்கும். 1898 ஜனவரி 15-ல் பதிவேட்டில் ஏறியவை. அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரியில்தான் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைத் தாக்கி எரித்தது, அரசர் ஓபா ஓவோன்ராம்வென் கலபாருக்கு நாடுகடத்தப்பட்டார். எண்ணையும் ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பார்த்தனான் சிற்பங்களுக்கு 1816. எல்கின் பிரபு 1801-லிருந்து ஆட்களை வைத்து அக்ரோபோலிஸிலிருந்து பெயர்த்தெடுத்து, கடனில் மூழ்கி, அரசாங்கத்திடம் 35,000 பவுண்டுக்கு விற்ற ஆண்டு. எல்கினுக்கு ஒட்டோமான் அரசு கொடுத்ததாகச் சொல்லப்படும் அனுமதிக் கடிதத்தின் மூலம் கையில் இல்லை, இத்தாலிய மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. கிரேக்கம் அப்போது ஒட்டோமான்களின் ஆளுகைக்குள் இருந்தது. அடிமைப்பட்டுக் கிடக்கும் வீட்டின் கதவைப் பெயர்த்துக்கொள்ள ஆண்டை கொடுத்த அனுமதி. அது செல்லுமா செல்லாதா என்று இருநூறு வருஷமாக வழக்கறிஞர்கள் பேசுகிறார்கள்.

ரொசெட்டா கல்லில் விஷயம் இன்னும் நேரடி. கி.மு. 196-ல் ஐந்தாம் தாலமியின் பெயரால் வெளியிட்ட ஆணை, சித்திர எழுத்திலும் டெமோட்டிக்கிலும் கிரேக்கத்திலும். 1799-ல் நெப்போலியனின் சிப்பாய்கள் கண்டெடுத்தது. 1801-ல் தோற்ற பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஒப்பந்தப்படி பிரிட்டிஷ்காரர்கள் பிடுங்கிக்கொண்டது. 1822-ல் ஷாம்போலியன் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்ததற்கு இது எப்படி உதவியது என்பதைப் பள்ளிப் புத்தகம்கூடச் சொல்லும். கல்லின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் வர்ணம் பூசி எழுதியிருப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 1801-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்று ஒரு பக்கம், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அளித்தது என்று மறுபக்கம். மூன்று எழுத்துகள் என்கிறார்கள், நான்காவதும் இருக்கிறது. அதைப் படிக்க ஷாம்போலியன் தேவையில்லை. ஒரு வகையில் அந்தக் காலத்து ஏகாதிபத்தியம் இன்றையதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிடுங்கினேன் என்று கல்லிலேயே எழுதினான். 'கையகப்படுத்தல்', 'பராமரிப்பு', 'பகிர்ந்த பாரம்பரியம்' என்றெல்லாம் அவனுக்குப் பேசத் தெரியாது.

பார்வை என்பதும் ஒரு அதிகாரம் என்று பூக்கோவைப் படித்தவர்கள் சொல்வோம். வெள்ளை நிறம் பற்றிய கதை அதற்கு நல்ல உதாரணம். பண்டைய கிரேக்கச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள், நீலம், சிவப்பு, பொன். ஆனால் ஐரோப்பாவின் கற்பனையில் கிரேக்கம் என்றால் தூய வெள்ளை. 1937, 1938 ஆண்டுகளில், பார்த்தனான் சிற்பங்களுக்காகப் புதுக் கூடம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த டுவீன் என்ற கலைவியாபாரியின் ஆசைப்படி, மியூசியத்துக்குள்ளேயே தொழிலாளர்கள் செப்புக் கருவிகளால் பளிங்கின் மேற்பரப்பைச் சுரண்டி வெளுக்க வைத்தார்கள். விஷயம் வெளியே தெரிந்து பெரிய அவமானம் ஆயிற்று. பிற்பாடு 2009-ல் மியூசியத்தின் ஆய்வாளர்களே அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துப் பார்த்தபோது, ஐரிஸ் தேவதையின் இடுப்புப் பட்டையில் எகிப்திய நீலத்தின் மிச்சம் தென்பட்டது. கிரேக்க தேவதையின் இடுப்பில் எகிப்தின் சாயம். தரைப்படத்தில் இரண்டும் வேறு வேறு நிறத்தில் அச்சிட்ட வேறு வேறு துறைகள்.

மேல் பார்வைக்குச் சாதாரணமாகப் போய்விடக்கூடிய இன்னொரு இடம், 24ஆம் எண் கூடம். 'வாழ்தலும் சாதலும்' என்பது அதன் தலைப்பு. அங்கே நின்றுகொண்டிருக்கிறார் ஹோவா ஹக்கானனாயா. ஈஸ்டர் தீவு என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த ராப்பா நூயித் தீவிலிருந்து வந்த மோவாய் சிலை. இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரம், நான்கு டன்னுக்கு மேல் எடை, கரும்பாறை. 1868-ல் டோப்பாஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் ஒரோங்கோ என்ற இடத்தில் கல்வீடு ஒன்றுக்குள் பாதி புதைந்திருந்த இவரைத் தோண்டி எடுத்துப்போனார்கள். அப்போது உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் இருந்தது. கப்பலுக்குக் கொண்டுபோகும்போது கடல் தண்ணீரில் கழுவிப்போயிற்று. விக்டோரியா மகாராணிக்குப் போய், அவர் 1869-ல் மியூசியத்துக்குக் கொடுத்தார். முதுகில் பறவை மனிதர்களின் உருவங்கள் இருக்கின்றன. சிலை செய்த காலத்துக்கு வெகு பின்னால், அந்தத் தீவின் சமயமே மாறிப்போனபோது, அந்த மக்களே அதே கல்லில் புதிதாகச் செதுக்கியவை. அதாவது அவர்களுக்கு வரலாறு இருந்தது, உடைவு இருந்தது, மறுவாசிப்பு இருந்தது. மாறாத பழங்குடி என்ற கதையை அந்த முதுகே பொய்யாக்குகிறது.

1868 என்ற ஆண்டை இன்னொரு ஆண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1862-ல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக்கும் கப்பல்கள் தீவின் மக்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோயின. திரும்பி வந்த சிலர் அம்மையைக் கொண்டுவந்தார்கள். 1877-ல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். இந்த அழிவின் நடுவில்தான் சிலை போயிருக்கிறது. காப்பாற்றினோம் என்று சொல்கிறவர்கள் எதை, யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் ராப்பா நூயித் தூதுக்குழு லண்டனுக்கு வந்தது. தீவின் கவர்னராக இருந்த பெண்மணி அழுதபடி கேட்டார், எங்கள் ஆன்மா உங்களிடம் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். ஆன்மா என்ற சொல்லைக் கேட்டு நம் பகுத்தறிவு நண்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அவர்கள் மோவாயைச் சிலை என்று சொல்வதில்லை, மூதாதை என்கிறார்கள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அதே கூடத்தில் இன்னொரு படைப்பும் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பிறப்பிலிருந்து இறப்பு வரை விழுங்கும் மாத்திரைகளை, ஆளுக்குப் பதினான்காயிரத்துக்கும் மேல், வலைத்துணியில் பின்னி நீளமாக விரித்து வைத்திருக்கிறார்கள். மோவாய்க்குப் பக்கத்தில் வெள்ளைக்காரனின் சடங்கு. இந்த மியூசியத்தின் மிக புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று சொல்வேன். இவர்களும் இனவரைவியலுக்கு உட்பட்ட மக்கள்தான் என்று ஒரு கணமாவது ஒப்புக்கொள்கிற காட்சி. அடித்தளத்து ஆப்பிரிக்கக் கூடத்திலும் 2001-ல் திறந்ததிலிருந்து இந்த மாதிரி ஒரு முயற்சி உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்தபின் மொசாம்பிக்கில் மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளை வெட்டிச் செய்த நாற்காலி அங்கே இருக்கிறது. செய்த கலைஞரின் பெயர் கெஸ்டர், ஆண்டு 2001. பெயரும் ஆண்டும் வந்துவிட்டன. அந்தத் துப்பாக்கிகளில் எதுவும் ஆப்பிரிக்காவில் செய்ததில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் நாற்காலியிலிருந்து சில அடிகள் நடந்தால் பெனின் தகடுகள். கம்பிகளில் வரிசை வரிசையாக மாட்டித் தொங்கும் பித்தளைப் புடைப்புச் சிற்பங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வார்த்தவை. அரண்மனைத் தூண்களை அவை மூடியிருந்ததாக 17ஆம் நூற்றாண்டு டச்சு நூலொன்று சொல்கிறது. 1897-ல் அவை அரண்மனைக் கிடங்கில் இருந்தன. எந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தகடு, எதற்குப் பிறகு எது என்ற வரிசையைச் சொல்லக்கூடிய அரண்மனையும் அதன் நினைவுகாரர்களும் அந்த ஒரே வாரத்தில் சிதறிப்போனார்கள். இது ஏட்டுச் சுவடியின் கயிற்றை அறுத்துவிட்டு ஓலைகளை அழகாகக் கண்ணாடிக்குள் வைப்பதற்குச் சமம். முதன்முதலாகப் பார்த்த ஐரோப்பிய அறிஞர்களில் சிலர் இதைக் கறுப்பன் செய்திருக்க முடியாது, போர்த்துகீசியன் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். அதைவிடக் கசப்பானது பின்னால் நடந்தது. 1950-லிருந்து 1972-க்குள் இந்த மியூசியம், 'நகல்கள்' என்று சொல்லி முப்பதுக்கும் மேற்பட்ட பெனின் தகடுகளை விற்றும் மாற்றியும் விட்டது. ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதாம். தூணில் சமச்சீராக மாட்ட ஜோடியாகவே வார்த்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வாங்கியவர்களில் நைஜீரியாவும் ஒன்று, லாகோஸ் மியூசியத்துக்காக. கொள்ளை போன பொருளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே மியூசியத்தின் வாதங்களையும் கேட்டுவிட வேண்டும், கேட்காமல் திட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. முதல் வாதம் சட்டம். 1963-ன் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம், சில விதிவிலக்குகள் போக, சேகரிப்பிலிருந்து எதையும் கொடுக்க அறங்காவலர்களுக்கு அதிகாரம் தரவில்லை. சட்டத்தைப் போட்டது யார், மாற்ற முடிகிறவர் யார் என்று கேட்டால் பாராளுமன்றத்தைக் காட்டுவார்கள், பாராளுமன்றம் அறங்காவலர்களைக் காட்டும். ஜெர்மனி 2022-ல் பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே ஆண்டு லண்டனிலேயே ஹார்னிமன் மியூசியம் 72 பொருட்களின் உரிமையை ஒப்படைத்தது. வானம் இடிந்து விழவில்லை.

இரண்டாவது வாதம் 'உலகப் பொது மியூசியம்'. 2002-ல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பெரிய மியூசியங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தாங்கள் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல, எல்லா மக்களுக்குமானவை; ஒரே கூரைக்குக் கீழே நாகரிகங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்று. இதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐரிஸின் இடுப்பில் எகிப்திய நீலத்தைக் கண்டுபிடித்தவன் மேல்மாடியில் எகிப்திய வண்ணக் கிண்ணங்களையும் பார்க்கலாம். இலவச அனுமதி வேறு. ஆனால் விசா? லாகோஸிலிருந்தோ கெய்ரோவிலிருந்தோ ஒரு கல்லூரி மாணவி தன் பாட்டன் சொத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தூதரகத்தில் வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். 'உலகம்' என்ற சொல் எல்லோரையும் உள்ளடக்குகிறது, வாசல் உள்ளடக்கவில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. 2015-ல் ஐ.எஸ். காரர்கள் நிம்ருத்தை இடித்துத் தள்ளியபோது, நல்லவேளை கொஞ்சமாவது லண்டனில் இருக்கிறது என்று நினைக்காதவர்கள் குறைவு. நானும் நினைத்தேன். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், 2003 ஏப்ரலில், பாக்தாத் மியூசியம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 15,000 பொருட்கள் போனது அமெரிக்க, பிரிட்டிஷ் படையெடுப்பின் போதுதான். வீட்டுக்குத் தீ வைத்தவர்களின் அரசு, நகை தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொல்லலாமா? 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியமே ஒப்புக்கொண்டது: தன் கிடங்கிலிருந்தே சுமார் 2,000 பொருட்கள் பல வருஷங்களாகத் திருடுபோயும் சேதமாகியும் இருக்கின்றன என்று. இயக்குநர் பதவி விலகினார். போனவற்றில் பல சரியாகப் பட்டியலிடப்படாதவை. மொத்தச் சேகரிப்பு எண்பது லட்சம் என்கிறார்கள். பார்வைக்கு வைத்திருப்பது அதில் நூற்றில் ஒன்று.

அசீரியாவைப் பேசும்போது ஹொர்முஸ்த் ரஸ்ஸாமைச் சொல்லாமல் விட முடியாது. மோசூல்காரர். அசுர்பானிபாலின் சிங்க வேட்டைச் சிற்பங்களை 1853-ல் கண்டெடுத்தவர், கில்காமெஷ் காவியத்தின் களிமண் ஏடுகளை மண்ணிலிருந்து வெளியே கொண்டுவந்தவர். புகழ் ஐரோப்பியர்களுக்குப் போயிற்று. மியூசிய அதிகாரி ஒருவர், ரஸ்ஸாமின் உறவினர்கள் திருட்டுக்குத் துணைபோனதாகப் பேச, ரஸ்ஸாம் வழக்குப் போட்டு 1893-ல் ஜெயித்து 50 பவுண்டு நஷ்டஈடு பெற்றார். உள்ளூர்க்காரன் தோண்டினால் கூலி, வெள்ளைக்காரன் தோண்டினால் தொல்லியல்.

நமக்கு நேராகத் தொடர்புள்ள கூடம் ஒன்று உண்டு. 33அ, அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணை நதிக்கரையின் பௌத்தத் தூபம். 1790-களில் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் தன் புது நகரத்துக்காக அந்த மேட்டைத் தோண்டி, செதுக்கிய பலகைகளைக் கட்டடக் கல்லாகப் பயன்படுத்தினார். 1797-ல் காலின் மெக்கன்சி பார்த்தார். 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் நூற்றுக்கும் மேற்பட்டவை லண்டன் போய்ச் சேர்ந்தன. கைமாறிக் கைமாறி 1880-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. அதே 1880-ல் சென்னை கவர்னரின் உத்தரவில் எஞ்சிய மேட்டை ஒரேயடியாக வாரி வழித்துத் துப்புரவாக்கி, தூபத்தின் அமைப்பையே அழித்தார்கள். மிச்சம் எழும்பூருக்கு வந்து சுவரில் சிமெண்டு வைத்துப் பதிக்கப்பட்டது. சிமெண்டின் உப்பு கல்லைத் தின்றது.

வெள்ளைக்காரன் திருடினான், நாம் இழந்தோம் என்ற எளிய வாக்கியம் இங்கே நிற்காது. நாம் என்றால் யார்? ஜமீன்தாரா? கிருஷ்ணைக் கரையிலிருந்து பார்த்தால் சென்னையும் ஒரு லண்டன்தான். திருப்பிக் கொடு என்று கேட்கிறவர்களின் வரிசையில் இந்திய அரசு நிற்கும், ஆந்திர அரசு நிற்கும். 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, பௌத்தமே எங்கள் பூர்வீகம் என்று சொன்ன அயோத்திதாசரின் வழிவந்தவர்களும், 1956-க்குப் பிறகு அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்களும் அந்த வரிசையில் எங்கே நிற்பார்கள்? அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. திருப்பித் தருதல் என்ற கோரிக்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் அது தேசிய அரசின் பெருமைக்கான கோரிக்கையாகச் சுருங்கிவிடும் ஆபத்தையும் கூடவே பேச வேண்டும்.

நம்மூர் ஜனங்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். 1851-ல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் மியூசியம் தொடங்கியதும், மிருகக்காட்சி முதலில் மியூசிய வளாகத்திலேயே இருந்ததும் இந்தப் பெயருக்குக் காரணமாக இருக்கலாம். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள் என்று கண்டுபிடிக்க ஜனங்களுக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் செத்த காலேஜில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மியூசியத்துக்கு வந்தவர்களையே நிறுத்திவைத்து அளவுகருவியால் மண்டையையும் மூக்கையும் அளந்தார். பார்க்கப் போனவன் பார்க்கப்படும் பொருளானான். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை இன்றைக்கும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்கு மேற்கோள் காட்டுகின்றன.

லண்டனில் இருக்கும் அமராவதிப் பலகைகளின் எண் 1880,0709 என்று தொடங்கும். அவற்றில் ஒன்றில் இரண்டு பக்கமும் செதுக்கல் உண்டு. ஒரு பக்கம் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது: மரம், அதன் கீழே வெறும் ஆசனம், வணங்கும் மனிதர்கள், புத்தர் உருவமாக இல்லை. மறுபக்கம் முந்நூறு வருஷத்துக்குப் பிந்தையது: கொடியும் சிங்கமும் ஜனமுமாகத் தூபம் முழுமையாக. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் பழைய பலகையைக் கழற்றி, திருப்பி, பழைய முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துவிட்டு, புது முகத்தில் தங்கள் காலத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.